மூன்று முறை தப்பிய நாய்: கல்லடி வீடொன்றில் பட்டியும் சங்கிலியும் ஹார்னஸும்

நாய் ரொட்வைலர் கலப்பு, ஆண், மூன்று வயது, எடை 41 கிலோ. கழுத்துச் சுற்றளவு 54 செ.மீ. காதுகளுக்கு முன்னால், தலை அகன்றிருக்கும் இடத்தில் 57 செ.மீ. முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு 83 செ.மீ. வீடு மட்டக்களப்பு கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில், கரையிலிருந்து சுமார் 200 மீற்றரில் இருக்கிறது. மதில் முன்பக்கம் மட்டுமே. பின்பக்கம் கிடுகு வேலி. பகலில் நாய் முன் விறாந்தையின் இரும்புத் தூணில் 4 மீற்றர் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும். மாலையில் கடற்கரை வீதியில் நடை.

ஏழு மாதத்துக்குள் மூன்று முறை இந்த நாய் கைவிட்டுப் போனது. ஒருவருக்கும் கடி விழாதது அதிர்ஷ்டம். ஒவ்வொரு முறையும் வீட்டார் செய்தது ஒன்றுதான்: முன்னையதைவிடத் தடித்த சாமான் வாங்கினார்கள். தடிப்பு மூன்றிலுமே கேள்வியாக இருக்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வில் தெரியவந்தது.

முதல் முறை: கச்சான் காற்றுக் காலம், நண்பகல். கேற்றுக்கு வெளியே மாடுகள் போயின. நாய் தூணடியிலிருந்து பாய்ந்து சங்கிலியின் முழு நீளத்துக்கும் ஓடி முட்டியது. சங்கிலி அறவில்லை, கழுத்துப் பட்டியும் அறவில்லை. சங்கிலி நுனியிலிருந்த ஸ்பிரிங் கொக்கியின் அடியில், சுழலும் கண்ணைப் பிடித்து வைத்திருந்த சிறு தண்டு கொக்கியின் உடலுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது. கொக்கி பட்டியின் வளையத்தில் தொங்கியபடி நாயோடு போனது.

இரண்டாம் முறை: முன்னையதைவிட இரு மடங்கு தடித்த சங்கிலி, பெரிய கொக்கி. பட்டி பழையதுதான், 40 மி.மீ. அகலம், கறுப்பு, தோல் போன்ற தோற்றம். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் பக்கிள் ஊசி நுழையும் துளையிலிருந்து அடுத்த துளைவரை பட்டி கிழிந்தது. வெட்டிப் பார்த்தபோது உள்ளே தோல் இல்லை. அழுத்திய தோல்தூள் அட்டை ஒன்றின் இருபுறமும் றெக்சின் என்ற செயற்கைத் தோல் ஒட்டப்பட்டிருந்தது. மழையில் ஊறிய அட்டை விரலால் பிய்த்தாலே பிரிந்தது.

மூன்றாம் முறை: நெய்த நாடாவில் செய்த புது வார்ப் பட்டியும், கழுத்தைச் சுற்றி ஒன்று, மார்பைச் சுற்றி ஒன்று என இரண்டு வார் உள்ள ஹார்னஸும். லீஷ் (கையில் பிடிக்கும் வார்) ஹார்னஸில் மட்டும் கொளுவியிருந்தது. டிசம்பர் 31 இரவு வெடிச் சத்தத்துக்கு மிரண்ட நாய் முன்னோக்கி இழுக்கவில்லை. பின்னோக்கி நகர்ந்து, தலையைத் தாழ்த்தி, தோள்களை ஒடுக்கி ஹார்னஸுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. எதுவும் அறவில்லை, எதுவும் கழரவில்லை. ஹார்னஸ் பூட்டியபடியே கையில் இருந்தது.

முட்டும்போது விழும் இழுவை

41 கிலோ நாய்க்கு 100 கிலோ தாங்கும் கொக்கி போதும் என்று நினைப்பது இயல்பு. நாய் நின்று இழுத்தால் போதும்தான். ஓடிவந்து முட்டும்போது கணக்கு வேறு.

பலமான நாயொன்று நான்கைந்து மீற்றருக்குள் விநாடிக்கு 6 மீற்றர் வேகத்தை எட்டிவிடும். 41 கிலோ அந்த வேகத்தில் கொண்டிருக்கும் இயக்கச் சக்தி 738 யூல். அதை நிறுத்த எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதுதான் இழுவையைத் தீர்மானிக்கிறது. இரும்புத் தூண் அசையாது, சங்கிலி நீளாது. நாயின் கழுத்துத் தசையும் உடல் திரும்புவதும் கொடுக்கும் இடைவெளி 10 செ.மீ. என்று வைத்தால், சராசரி இழுவை 7,380 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 750 கிலோ. 15 செ.மீ. என்றால் 500 கிலோ. உச்ச இழுவை சராசரிக்கு மேலே போகும். படிப்படியாக ஏறும் இழுவையில் அது சராசரியின் இரு மடங்கைத் தொடும். இதே அடி நாயின் தொண்டையிலும் விழுகிறது என்பதை மறக்கக்கூடாது. கொக்கி உடைந்தது நாய்க்கு ஒருவகையில் நல்லதாகப் போயிற்று.

கையில் பிடித்து நடக்கும்போது இந்தப் பிரச்சினை குறைவு. கை நீள்கிறது, உடம்பு சாய்கிறது, கால் ஓர் அடி முன்னால் போகிறது. அரை மீற்றர் எளிதாகக் கிடைத்துவிடும். அப்போது சராசரி இழுவை 150 கிலோ. ஆகவே நடைக்கு வாங்கும் சாமானும் கட்டிவைக்க வாங்கும் சாமானும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கட்டிவைப்பதற்குத்தான் கூடிய பலம் வேண்டும், அதைவிட முக்கியமாக மோதலைக் குறைக்கும் ஏற்பாடு வேண்டும்.

இந்த வீட்டில் இரண்டாவது சங்கிலியைத் தடித்ததாக வாங்கியது மோதலைக் குறைக்கவில்லை. கனமான சங்கிலிக்கும் நீட்சி இல்லை. கொக்கியில் விழ வேண்டிய அடி அடுத்த பலவீனமான இடத்துக்கு, பக்கிள் துளைக்கு, இடம் மாறியது.

உலோகம்

வார் அறுந்து நாய் போவது அபூர்வம். 25 மி.மீ. அகல நல்ல நைலோன் வார் புதிதாக இருக்கும்போது ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். கார் இருக்கைப் பட்டி வார் ஒன்றரை டன்னைத் தாண்டும். போவதெல்லாம் கொக்கி, வளையம், பக்கிள், தையல்.

முதல் முறை உருவிய கொக்கியை அரத்தால் தேய்த்துப் பார்த்தபோது பளபளத்த பூச்சுக்குக் கீழே மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தது: நாகக் (துத்தநாகக்) கலப்புலோகம், அச்சில் வார்த்தது. சந்தையில் நாய்ச் சாமானோடு வரும் கொக்கிகளில் பெரும்பாலானவை இதுதான். வார்ப்பின் இரு பாதியும் சேர்ந்த மெல்லிய கோடு பக்கவாட்டில் ஓடும். இது வளைந்து எச்சரிக்காது, சட்டென்று முறியும். கடல் உப்பு பூச்சின் நுண்துளைகளால் உள்ளே போனால் வெள்ளைத் தூள் கிளம்பும். சுழலும் தண்டைச் சுற்றி வெள்ளைத் தூள் கண்டால் அந்தக் கொக்கியை அன்றே எறியலாம்.

காந்தம் வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, அப்ப ஸ்டெயின்லெஸ்தான்’ (கறள்பிடிக்காத உருக்கு) என்று முடிவுகட்டுவது இங்கே பலரிடம் இருக்கும் பழக்கம். நாகத்திலும் காந்தம் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. காந்தம் வலுவாக ஒட்டினால் அது பூச்சிட்ட சாதாரண இரும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. அரத்தை மறைவான மூலையில் ஒருமுறை இழுக்க வேண்டும். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மென்மையாகச் சுரண்டுபட்டுச் சாம்பல் தெரிந்தால் நாகம். அரம் சிரமப்பட்டுத் தேய்த்து, அடியிலும் அதே நிறம் இருந்தால் ஸ்டெயின்லெஸ். கடைக்காரர் அரம் போட விடமாட்டார் என்றால் ஒன்றை வாங்கி, வீட்டில் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றை வாங்குங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸிலும் 304, 316 என்று இரண்டு வகை பொதுவாகக் கிடைக்கிறது. 316 இல் மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். 304 கரையோரத்தில் தேயிலைக் கறைபோன்ற பழுப்பு பிடிக்கும். கழுவித் துடைத்தால் போகும், பலம் உடனே குறையாது. வாழைச்சேனை முதல் பொத்துவில் வரையான கரையோர வீடுகளுக்கு 316 கிடைத்தால் நல்லது. அம்பாறை நகரம், உகன போன்ற உட்பகுதிகளில் 304 தாராளமாகப் போதும். அங்கே எதிரி உப்பல்ல, புழுதி.

இந்தச் சாமானைச் செல்லப்பிராணிக் கடையில் தேடி அலைவதைவிட மீன்பிடிச் சாமான் கடையில் கேட்பது மேல். மட்டக்களப்பு, வாழைச்சேனை, கல்முனைக் கடைகளில் படகுக்கான ஸ்டெயின்லெஸ் ஷெக்கிள் (குறுக்கே திருகாணி போட்டு மூடும் வளைவு), சுழல் வளையம், வெல்டிங் செய்த வளையம் எல்லாம் இருக்கும். 6 மி.மீ. கம்பியில் செய்த ஷெக்கிள் ஒன்று இந்த நாய்க்கு ஏற்றது. ஷெக்கிளின் திருகாணி அசைவில் தானாகக் கழரும். கண்ணில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பி கோத்து முறுக்கிவிட வேண்டும். சாமானில் பொறித்திருக்கும் அளவையும் கவனித்து வாசிக்க வேண்டும். ‘வேலைச் சுமை’ என்று இருந்தால் அது உடையும் சுமையின் ஒரு பங்கு மட்டுமே, பெரும்பாலும் நான்கிலொன்று அல்லது ஐந்திலொன்று. கிலோ நியூட்டனில் உடையும் சுமை போட்டிருந்தால் 1 கிலோ நியூட்டன் ஏறத்தாழ 102 கிலோ. எதுவும் பொறிக்காத, சாவிக்கொத்துக்கு என்று விற்கும் அலுமினியக் கரபினர் (ஸ்பிரிங் வாய் உள்ள) கொக்கிகள் அழகுக்கு மட்டும்.

பித்தளைக் கொக்கி நல்லது, ஆனால் அதனுள்ளே இருக்கும் ஸ்பிரிங் பல வேளைகளில் சாதாரண உருக்கு. வெளியே மினுங்கும், உள்ளே ஸ்பிரிங் கறள்பிடித்து, தாழ்ப்பாள் பாதி திறந்தபடி நின்றுவிடும். மணலும் இதையே செய்யும். பெருவிரலால் இழுத்துவிட்டால் ‘டக்’ என்று மூடவேண்டும். ஊர்ந்து மூடினால் நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவி, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காயெண்ணெய் சில நாளில் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும்.

பட்டியில் கொக்கி கொளுவும் டி வளையத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரு நுனியும் சேரும் இடம் வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறதா, வெறுமனே வளைத்து ஒட்டவைத்திருக்கிறதா. வளைத்தது இழுவையில் வாய் திறக்கும். வார் அந்த இடைவெளியால் நழுவும்.

வாரும் தையலும்

மூன்றாவது முறைக்கு வாங்கிய பட்டி ‘நைலோன்’ என்று விற்கப்பட்டது. ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டபோது மிதந்தது. நைலோனும் பொலியெஸ்டரும் தாழும். மிதப்பது பொலிபுரொப்பிலீன் அல்லது பொலிஎதிலீன். மீன்பிடிக்குப் பயன்படும் பச்சை, நீலக் கயிறுகளில் பெரும்பகுதி இந்த இனம்தான். வெயில் இவற்றை விரைவில் நொறுக்கும். நகத்தால் சுரண்ட வெள்ளைத் தும்பு உதிர்ந்தால் அதன் காலம் முடிந்தது. உருகுநிலையும் தாழ்வு, பொலிபுரொப்பிலீனுக்குச் சுமார் 165 பாகைதான், பொலிஎதிலீனுக்கு இன்னும் குறைவு. கைக்குள் வழுக்கி ஓடினால் உள்ளங்கையைச் சுட்டுவிடும்.

நைலோனா பொலியெஸ்டரா என்றால், இந்தக் கரைக்குப் பொலியெஸ்டர். நைலோன் நனைந்தால் தண்ணீர் குடித்து நீளும், பலத்தில் பத்திலொரு பங்கோ அதற்கு மேலோ இழக்கும், காய நேரமெடுக்கும். மார்கழி மழையில் காயாத பட்டி நாயின் கழுத்துத் தோலைப் புண்ணாக்கும். பொலியெஸ்டர் வெயிலையும் ஈரத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் நைலோனின் நீட்சி மோதலைச் சிறிது உறிஞ்சுகிறது என்பதால் நடைக்கான லீஷுக்கு அதையே விரும்புவோரும் உண்டு; அதில் தவறில்லை. அசல் தோல் நல்ல சாமான், 4 மி.மீ. தடிப்பில் இருந்தால். கடற்கரைக்கு அது வேண்டாம்: உப்பும் ஈரமும் மாறிமாறிப் பட்டு வெடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

தையலை உள்ளங்கையில் மடித்துப் பார்க்க வேண்டும். வளையத்தைப் பிடிக்கும் மடிப்பு குறைந்தது 5 செ.மீ. நீளமாகவும், நான்கு பக்கமும் பெட்டியாகத் தைத்து நடுவே குறுக்குப் போட்டும் இருக்க வேண்டும். ஒரேயொரு குறுக்குக் கோடு மட்டும் இருந்தால் அது போதாது. அந்த ஒரு கோட்டில் இரண்டு தையல் விட்டால் மிச்சமும் வரிசையாக விடும். நூல் பருத்தியாக இருந்தால் வியர்வையிலும் மழையிலும் உக்கிப் போகும். கடையில் வாங்கியது திருப்தியில்லை என்றால் ஓட்டோ குஷன் தைக்கும் கடையில் கொடுக்கலாம். அவர்களிடம் தடித்த துணி தைக்கும் மெஷினும் தடித்த பொலியெஸ்டர் நூலும் உண்டு. அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் என்று சொல்லுங்கள். நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகளே வாரை வெட்டும். வாரின் நிறத்துக்கு மாறான நிறத்தில் நூல் கேளுங்கள், அறுந்த தையல் தூரத்திலேயே தெரியும். வெட்டு நுனியைச் சுடரில் காட்டி உருக்கி மூட மறக்கவேண்டாம்.

பிளாஸ்டிக் பக்கிளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. அது பொருத்தியிருக்கும் வாரின் பலத்தில் சிறு பகுதியையே தாங்கும், வெயிலில் காய்ந்தால் இன்னும் குறைவு. இந்த எடை நாய்க்கு உலோகப் பக்கிள் மட்டும். பட்டி வளையமாக இருப்பதால் இழுவை இரு பக்கமும் பிரிந்து, பக்கிளில் விழுவது ஏறத்தாழப் பாதி. அதனால்தான் சுமாரான பக்கிள்களும் பல நாள் பிழைத்துக் கிடக்கின்றன. ஊசி இரண்டு உள்ள பக்கிளும், உலோகக் கண் அடித்த துளைகளும் சிறப்பு.

பின்னால் நழுவுதல்

இனி மூன்றாவது சம்பவம். இதற்குப் பலமான சாமான் எதுவும் உதவியிருக்காது. லீஷைப் பட்டியில் கொளுவியிருந்தாலும் நழுவ வாய்ப்பிருந்தது. இந்த நாயின் தலை 57, கழுத்து 54: வித்தியாசம் 3 செ.மீ. மட்டுமே. இரண்டு விரல் போகும் தளர்வில் கட்டினாலே பட்டியின் சுற்றளவு தலையை நெருங்கிவிடுகிறது. கழுத்துத் தடித்த எல்லா நாய்க்கும் இந்தச் சிக்கல் உண்டு. தலைக்கும் கழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்காமல் பட்டி வாங்குவது, கால் அளக்காமல் சப்பாத்து வாங்குவது மாதிரி.

இதற்குக் கழுத்தில் வேண்டியது ஓரளவு மட்டும் இறுகும் பட்டி. பெரிய வளையமும் சிறிய வளையமும் கோத்த அமைப்பு. இழுத்தால் சிறியது பெரியதை ஒடுக்கும், ஆனால் கழுத்தளவுக்குக் கீழே போகாது. முழுதாக இறுகிய நிலையில் 54 செ.மீ. இல் நிற்கும்படி அமைக்க வேண்டும். எல்லையில்லாமல் இறுகும் சங்கிலிப் பட்டியும் முள் பட்டியும் வேண்டாம். அவை தொண்டைக்குழாயை நசுக்கும். மிரண்ட நாயை இன்னும் மிரட்டும்.

ஹார்னஸில் மூன்றாவது வார் வேண்டும். அது விலா எலும்புகளின் பின்முனைக்கருகே, வயிறு ஒடுங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வர வேண்டும். நாய் பின்னோக்கி நகர்ந்தால் அந்த வார் அகன்ற மார்பைக் கடக்க முடியாமல் நிற்கும். முன்பக்கம் ஆங்கில வை எழுத்து வடிவில் நெஞ்செலும்பில் இறங்க வேண்டும். தோளுக்குக் குறுக்கே கிடையாக ஓடும் வார் முன்னங்காலின் வீச்சைத் தடுக்கும். மார்பு வாருக்கும் முன்னங்கால் மூட்டுக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விடாவிட்டால் கக்கம் உரசிப் புண்ணாகும். அளவை நாயின் எடைப்படி தேர்வு செய்யாதீர்கள், மார்புச் சுற்றளவுப்படி. வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்கள் நனைந்தால் மெல்லச் சறுக்கும். அளவு சரியானபின் வாரின் நுனியை மடித்துத் தைத்துவிடலாம்.

முதுகு வளையமும் கைப்பிடியும் எதில் தைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். சுமை தாங்கும் வாரில் இருக்க வேண்டும். பஞ்சு வைத்த துணியில் மட்டும் தைத்திருந்தால் துணி கிழிந்து வளையம் கையோடு வரும். அந்தப் பஞ்சுத் துணியே சித்திரை வெயிலில் ஒரு தண்டனை. மெல்லிய, காற்றோடும் வகை போதும்.

ஹார்னஸ் இழுப்பதை நிறுத்தாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். முதுகில் கொளுவினால் நாய்க்கு மார்பால் தள்ளி இழுப்பது இலகு, இன்னும் பலமாக இழுக்கும். கழுத்துப் பட்டியில் இழுத்தால் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறது, தொண்டை நோகிறது; ஹார்னஸ் அதைத் தவிர்ப்பதற்கு. நெஞ்சு வளையத்தில் கொளுவினால் இழுக்கும் நாய் பக்கவாட்டில் திரும்பிவிடும், கையில் விழும் சுமை குறையும். மீதி பழக்கத்தில்தான் இருக்கிறது.

இறுதியில் செய்த ஏற்பாடு

நடைக்கு: இரட்டை மடிப்புப் பொலியெஸ்டர் வாரில் 40 மி.மீ. அகலப் பட்டி, மேலே சொன்ன ஓரளவு இறுகும் வகை. மூன்று வார் ஹார்னஸ். லீஷ் 1.5 மீற்றர் நீளம், 25 மி.மீ. அகலம்; கொக்கிக்கு 30 செ.மீ. மேலே இரண்டாவது கைப்பிடி, பஸ்ஸும் சைக்கிளும் நெருங்கும்போது பிடிக்க. ஹார்னஸ் வளையத்துக்கும் பட்டி வளையத்துக்கும் இடையே 20 செ.மீ. துணை வார் ஒன்று, தளர்வாக. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். லீஷைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது; 41 கிலோ இழுத்தால் விரல் முறியும். பெருவிரலைக் கைப்பிடிக்குள் விட்டு முஷ்டியை மூடினால் போதும். தானாகச் சுருளும் மெல்லிய நூல் லீஷ் இந்த நாய்க்கு ஒருபோதும் வேண்டாம்: பூட்டுக்குள் மணல் போகும், நூல் காலை அறுக்கும்.

கட்டிவைக்க: தூணைக் கைவிட்டாயிற்று. இரண்டு தென்னைகளுக்கிடையே 9 மீற்றர் நீளத்தில் தலைக்கு மேலே ஸ்டெயின்லெஸ் கம்பிவடம், மரத்தில் ஆணி அடிக்காமல் சாக்குச் சுற்றிக் கட்டியது. அதில் ஓடும் வளையம், சுழல் வளையம், கீழே நாய் படுத்துறங்கும் அளவுக்கு மட்டும் இறங்கும் வார். இரு பக்கமும் மரத்துக்கு 1.5 மீற்றருக்கு முன்னால் தடை வைத்ததால் நாய் மரத்தைச் சுற்றிச் சிக்காது. இந்த நாய் கடிப்பதால் வாரின் கீழ்ப்பகுதி 40 செ.மீ. சங்கிலி.

மோதலைக் குறைக்க வாரின் மேல் நுனியில் மோட்டார்சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு சேர்க்கப்பட்டது. படகுக் கயிற்றில் ரப்பர் போடுவது போன்றதுதான். ரியூப் நீள்வதும் கம்பிவடம் தொய்வதும் சேர்ந்து 60 செ.மீ. கொடுத்தால் முதலில் கணக்கிட்ட 750 கிலோ 125 கிலோவாக இறங்குகிறது. ரியூப்புக்குப் பக்கத்திலேயே, அது முழுதாக நீண்ட பிறகுதான் இறுகும் நீளத்தில் ஒரு சங்கிலியும் கட்ட வேண்டும். ரப்பர் வெடித்தால் பிடிப்பது அதுதான். ரியூப்பில் வெடிப்புக் கோடு தெரிந்ததும் மாற்ற வேண்டும்.

மதிலுக்கு எட்டும் நீளத்தில் எந்த நாயையும் கட்டக் கூடாது. பாய்ந்து மறுபக்கம் தொங்கினால் பட்டி எவ்வளவு பலமோ அவ்வளவு விரைவில் உயிர் போகும். இந்த வீட்டில் கம்பிவடத்தின் இடமே அதைப் பார்த்துத்தான் தெரிவுசெய்யப்பட்டது. பின்வேலி அடைத்து முடிந்தால் கட்டிவைக்கும் தேவையே குறையும். பணம் இருந்தால் அதுவே முதலில் செய்ய வேண்டிய செலவு.

வாங்கிய சாமானை நாய்க்குப் போடுமுன் சோதித்தது இப்படி: பட்டியைத் தென்னையில் கட்டி, லீஷைக் கொளுவி, இரண்டு பெரியவர்கள் சேர்ந்து பின்னோக்கிச் சாய்ந்து பல முறை வெட்டி இழுத்தார்கள். தையல் விலகல், வளையம் நீளுதல், ஸ்லைடர் சறுக்கல் மூன்றையும் பார்த்தார்கள். ஹார்னஸைப் பூட்டிய அறைக்குள் நாய்க்கு அணிவித்து, முன்னால் நின்று மெதுவாக இழுத்து, பின்னோக்கி நழுவ விட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது வார் இல்லாமல் அது கழன்றது, பூட்டியபின் கழரவில்லை.

கடற்கரைக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் கொக்கியும் வாரும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய்கின்றன. வாரமொரு முறை பட்டியைக் கழற்றிக் கழுத்து மயிரைப் பிரித்துப் பார்க்கிறார்கள்: உண்ணி அங்கேதான் ஒளியும், புண்ணும் அங்கேதான் தொடங்கும். கொக்கியின் தாழ்ப்பாள், வளையத்தின் வெல்டிங், பெட்டித் தையல் மூன்று இடத்தையும் அதே நேரத்தில் பார்த்துவிடுகிறார்கள். வளையம் உரசும் இடத்தில் கொக்கியின் உலோகம் நான்கிலொரு பங்கு தேய்ந்தால் புதுசு. தீபாவளி, சித்திரை வருஷம், டிசம்பர் 31 ஆகிய இரவுகளில் நாய் வீட்டுக்குள், கதவு பூட்டி.